பெயர் அட்டையில் நான் சேர்த்த 'அண்ணை'

மனுதாரர்:
க. பஞ்சலிங்கம்,
விற்பனையாளர் (தற்போது பணி இடைநிறுத்தப்பட்டவர்),
நல்லொளி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், வடலியடிக் கிளை,
உரும்பிராய்.

பெறுபவர்:
கூட்டுறவு உதவி ஆணையாளர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

விடயம்: பெயர் அட்டையில் 'அண்ணை' என்று எழுதியமைக்காக நான் இடைநிறுத்தப்பட்டமையும், முறைப்பாடு செய்தவரே என்னை விசாரிக்க அமர்த்தப்பட்டமையும்

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி கிளையில் நான் பத்தொன்பது வருடங்களாக அரிசி, மா, சீனி நிறுத்துக் கொடுத்து வருகிறேன். என் தராசைப் பற்றி இதுவரை முறைப்பாடு இல்லை. என் வாயைப் பற்றி உண்டு. தாங்கள் என் கோப்பை வரவழைத்தால் அதில் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருக்கும். ஒன்று, சவர்க்காரம் வரவில்லையா என்று கேட்டவரிடம் "வந்தது, குளிச்சுப்போட்டுத் திரும்பிப் போட்டுது" என்று சொன்னதற்கு. மற்றது, ஆண்டு விழாவில் பொது முகாமையாளர் நடப்பதுபோல் நடந்து காட்டியதற்கு. இரண்டிலும் நான் குற்றவாளியே. தாங்கள் பிறகு திடுக்கிடக்கூடாது என்பதற்காக இப்பொழுதே சொல்லிவைக்கிறேன்.

2. எமது பொது முகாமையாளர் திரு. தேவராசா அவர்கள் கடந்த தை மாதம் வாடிக்கையாளர் சேவைப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றார். பயிற்சியில் கலந்துகொண்டாரோ, பயிற்சிச் சாப்பாட்டில் கலந்துகொண்டாரோ நான் அறியேன். திரும்பி வந்தபோது அவருடைய இடுப்புப் பட்டி இரண்டாவதற்கே சாட்சி சொன்னது. அவர் கொண்டுவந்தது ஒரு சுற்றறிக்கையும் ஒரு பெட்டி பிளாஸ்ரிக் அட்டைகளும். ஊழியர் ஒவ்வொருவரும் இடது நெஞ்சில் பெயரைக் குத்திக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரும் சக ஊழியரும் அந்தப் பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டும். அண்ணை, அக்கா, மாமி முதலிய உறவுமுறைச் சொற்கள் விற்பனை மேசையில் தடை. உறவு கொண்டாடினால் பங்கீட்டில் பாரபட்சம் வரும் என்பது காரணம். சுவரில் ஒரு பலகையும் தொங்கியது: 'ஊழியரை அட்டையில் உள்ளவாறே அழைக்கவும். தவறுவோருக்குப் பொருள் வழங்கப்படமாட்டாது.'

3. அந்தக் காரணம் முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. சீனி லொறி சந்தியில் திரும்பினாலே எனக்கு உறவினர் முளைத்துவிடுவார்கள். தீபாவளிக்கு முதல் கிழமை என்னைச் 'சித்தப்பா' என்பவர்களை எல்லாம் எண்ணினால், என் தகப்பனாரின் ஒழுக்கத்தைப் பற்றித் தாங்கள் தவறாக நினைக்க நேரும். ஆனால் சட்டம் என்றால் எல்லார் நெஞ்சிலும் ஒரே மாதிரிக் குத்த வேண்டும். பொது முகாமையாளரின் அட்டையில் 'பொது முகாமையாளர்' என்று மட்டுமே இருக்கிறது. எமது காசாளர் கமலாவதி, "சேர், உங்கடை அட்டையிலை பேரைக் காணேல்லை, அடிச்சவன் விட்டிட்டானோ?" என்று கேட்டார். "என்ரை பேர் எல்லாருக்கும் தெரியும்தானே" என்பது விடை. சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்து நான் ஒருநாள் "தேவராசா" என்று அன்போடு அழைத்துப் பார்த்தேன். ஆளுக்குத் திடீரென்று காது கேளாமல் போய்விட்டது.

4. காலத்தையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஊரில் பாதிப் பெடியள் தாய் தகப்பன் வைத்த பெயரை விட்டு இயக்கப் பெயரில் திரிகிறார்கள். மீதிப்பேர் ஆனையிறவு இராணுவச் சோதனைச் சாவடியில் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கு வறண்டு நிற்கிறார்கள். பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு தெருவால் நடக்கச் சொல்ல எமது பொது முகாமையாளருக்கு இந்தக் காலம்தான் கிடைத்தது.

5. இனி என் குறைக்கு வருகிறேன். குறைந்த சாதி என்று ஒதுக்கிவைத்த குறிச்சியில் பிறந்தவன் நான். தாங்கள் வடலியடியில் யாரிடமாவது என் வீட்டுக்கு வழி கேட்டால், வழியை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்வார்கள். தகப்பனார் எனக்குப் பஞ்சலிங்கம் என்று பெயர் வைத்தார். காணிக்காரர் வீடுகளில் அந்த லிங்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை. 'பஞ்சன்' என்றே கூப்பிட்டார்கள். கந்தையா என்ற என் தகப்பனாரை, நரைத்த தலையோடு நின்ற மனிசனை, பால்பல் விழாத பிள்ளைகளும் "கந்தன், இஞ்சை வா" என்றன. நான் பத்தாம் வகுப்புச் சோதனை பாஸ்பண்ணிச் சங்கத்தில் சேர்ந்த பிறகு ஊர் மெல்ல மெல்ல லிங்கத்தைத் திருப்பித் தந்தது. பிறகு, யார் தொடக்கிவைத்தார்களோ, 'பஞ்சலிங்கம் அண்ணை' ஆனேன். இதற்காக நான் ஒருவருக்கும் ஒரு கிராம் கூட்டி நிறுத்ததில்லை. ஆகையால் அதைச் சம்பாத்தியம் என்றே கருதுகிறேன்.

6. சம்மதிக்காதவர் ஒருவர் இருந்தார். சங்கத்தின் இயக்குநர் சபை உறுப்பினர் திரு. கனகசபாபதி அவர்கள். என் தகப்பனார் கூலிக்குக் கொத்திய தோட்டம் அவருடையது. 'பஞ்சன்' என்று சொல்ல அவருக்கு இப்போது படிப்பு இடம் கொடுப்பதில்லை. என்னிலும் மூத்தவராகையால் 'அண்ணை' அவரிடம் நான் எதிர்பார்த்ததுமல்ல. 'தம்பி' என்றிருக்கலாம். தெருவால் போகிற ஐஸ்பழக்காரரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். எனக்கு மட்டும் தொண்டையைச் செருமுவார். சில்லறையால் மேசையில் தட்டுவார். பிறகு "சீனி ஒரு கிலோ வேணும்" என்று தராசிடம் சொல்வார். தராசு என்னிடம் சொல்லும். இப்படி நாங்கள் மூன்றுபேரும் பல வருடம் சண்டையில்லாமல் இருந்தோம்.

7. அட்டை குத்திய முதல் நாளே அவர் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, என் நெஞ்சை நெருங்கி வாசித்தார். "பஞ்சலிங்கம், அரிசியைப் போடு." பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "சங்கமே பேர் சொல்லச் சொல்லுது, நான் என்ன செய்யிறது?" என்றார். அன்று தொடக்கம் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைக்கு வந்தார். ஒரு நெருப்புப்பெட்டி வாங்கி முடிப்பதற்குள் என் பெயரை நாலைந்து தரம் சொல்லிவிடுவார். அவரைப் பார்த்து வேறு இரண்டு மூன்று வீட்டுக்காரரும் பழகிக்கொண்டார்கள். 'போடுங்கோ', 'கட்டுங்கோ' என்றிருந்த வாய்கள் 'போடு', 'கட்டு' என்று சுருங்கின. பொது முகாமையாளர் இதைச் சேவை முன்னேற்றம் என்று அறிக்கை எழுதியதாகக் கேள்வி.

8. இவ்வளவையும் நான் பகிடியாக எடுத்துக்கொண்டேன். என்னால் முடியாமற் போன ஒன்றை மட்டும் தங்களிடம் சொல்ல வேண்டும். திரு. கனகசபாபதியின் பேத்தி முதலாம் வகுப்புப் படிக்கிறாள். என்னைக் 'கடை மாமா' என்று கூப்பிடுவாள். அவளை ஒருநாள் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினார். பிள்ளை வழமைபோல் "கடை மாமா" என்றது. "மாமா இல்லை. உவன்ரை அட்டையிலை என்ன கிடக்கு? வாசிச்சுக் கூப்பிடு" என்றார். பிள்ளை உடனே வாசிக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. சொல்லலாமோ என்று என்னையே கேட்பதுபோல் இருந்தது. நான் தராசைப் பார்த்தேன். பிறகு பிள்ளை எழுத்துக்கூட்டி, என் பெயரைப் பிழையில்லாமல் வாசித்தது. திரு. கனகசபாபதி மெச்சினார்.

ஐயா, அன்று என் தகப்பனார் நின்ற இடத்தில் நான் நின்றேன். என்னை அங்கே நிறுத்தியது ஊர் அல்ல, சங்கத்தின் சுற்றறிக்கை. அவர்கள் போன பின், "அண்ணை, உதைக் கழட்டி எறியுங்கோ, வாறதைப் பாப்பம்" என்று கமலாவதி அழுதார். அண்ணை என்று சொன்னதற்கு அவருக்கும் எச்சரிக்கை வந்தது.

9. நான் கழற்றி எறியவில்லை. சட்டத்தை மதிப்பவன். விலைப்பலகை எழுதும் மையையும் தூரிகையையும் எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் 'அண்ணை' என்று எழுதினேன். என் எழுத்து அழகானதல்ல. ஆனால் தூரத்தில் நின்றும் வாசிக்கலாம்.

10. அடுத்த நாள் மண்ணெண்ணெய் வந்திருந்தது. வரிசை தெருவரைக்கும் நின்றது. திரு. கனகசபாபதி அவர்கள் எண்ணெய்க் கானோடு வந்து, "பஞ்சலிங்கம்" என்று தொடங்கினார். நான் மிகுந்த பணிவோடு சுவர்ப் பலகையைக் காட்டி, "ஐயா, அட்டையிலை உள்ளமாதிரி முழுக்க வாசிக்கோணும். சங்கத்தின்ரை சட்டம்" என்றேன். அவர் வாசித்தார், வாய்க்குள் வாசித்தார். முகம் செத்தல் மிளகாய்போல் ஆனது. பின்னால் நின்ற இராசமலர் என்ற மனிசி, "ஐயா, கெதியாச் சொல்லிவிடுங்கோ, வீட்டிலை விளக்குக்கும் எண்ணெய் இல்லை" என்றார். வரிசை சிரித்தது. அவர் செருமினார், தராசைப் பார்த்தார், மண்ணெண்ணெய்க்குத் தராசு கிடையாது. வெறுங்கானோடு திரும்பிப் போனார். அந்த ஒரு சொல்லைச் சொல்வதைவிட இருட்டில் இருப்பது அவருக்குச் சுகமாகப் பட்டிருக்கிறது.

11. அன்று பின்னேரமே என்னை இடைநிறுத்தினார்கள். சங்கச் சொத்தைப் பழுதாக்கியமை, இயக்குநரை அவமதித்தமை, தகுதியில்லாத பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டியமை என்பன குற்றச்சாட்டுகள். விசாரணைக் குழுவின் தலைவர் யார் என்று தாங்கள் ஊகித்திருப்பீர்கள். முறைப்பாடு செய்த திரு. கனகசபாபதியேதான்.

12. சென்ற ஞாயிறு பொது முகாமையாளர் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தார். இப்போதுதான் குடித்தேன் என்றார். எங்கள் பகுதிக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்போதுதான் குடித்திருப்பார்கள். பிறகு சொன்னார்: "புது அட்டை தாறன், குத்தும். வரிசைக்கு முன்னாலை அவரிட்டை மன்னிப்புக் கேளும். வேலை உம்முடையது. ஏன் வீணாப் பிள்ளையளின்ரை சோத்திலை மண்ணைப் போடுறீர்?" அவர் சொன்னதில் சோற்றைப் பற்றியது உண்மை. எனக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சங்கச் சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை. கூலிக்குக் கொத்த என் முதுகும் இனி வளையாது. இவ்வளவும் தெரிந்துகொண்டே முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மனைவி இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

13. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: திரு. கனகசபாபதி அவர்களை விசாரணைக் குழுவிலிருந்து நீக்கி, எங்கள் ஊரோடு சம்பந்தமில்லாத உத்தியோகத்தர் ஒருவரை அமர்த்த வேண்டும். சுற்றறிக்கையை இரத்துச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் பொது முகாமையாளரின் நெஞ்சிலும் அவருடைய பெயரைக் குத்தி, ஒரு கிழமை விற்பனை மேசையில் நிறுத்த வேண்டும். என்னை வேலைக்குத் திருப்பி எடுக்க வேண்டும். அட்டைக்கு ஏற்பட்ட பழுதுக்குரிய காசை என் சம்பளத்தில் கழிக்கலாம். மன்னிப்புக் கேட்கும்படி மட்டும் கட்டளையிட வேண்டாம். தங்கள் கட்டளையை மீறிய பழியும் எனக்கு வந்து சேரும்.

14. விசாரணை வருகிற பங்குனி 27ஆந் திகதி சங்கத் தலைமைக் காரியாலயத்தில் நடக்கவிருக்கிறது. பியோன் முத்துக்குமாரு கதவடியில் நின்று ஆட்களைக் கூப்பிடுவார். மற்ற நாட்களில் அவர் என்னை எப்படிக் கூப்பிடுகிறவர் என்பதைத் தாங்கள் அவரிடமே கேட்டறியலாம். அன்று எப்படிக் கூப்பிடச் சொல்லி அவருக்கு உத்தரவு என்பதையும் கேட்கலாம். நான் நேரத்துக்கு வந்து வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டபோது நான் எழும்பாவிட்டால், மனுதாரர் சமுகமளிக்கவில்லை என்று பதியாமல், சமுகமளித்தார், எழும்பவில்லை என்று பதியும்படி இப்பொழுதே எழுத்தில் அறிவுறுத்துமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீதியை நம்பியிருக்கும்,

(ஒப்பம்) க. பஞ்சலிங்கம்

உரும்பிராய்,
14.03.1986