அரளிச் செடியைப் பார்த்துக்கொண்டு

கொல்லங்கோடு
10-11-1974

அன்பு மகள் தெய்வானைக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் மாடுகள் இரண்டும் சுகம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று தெரிந்துகொள்ள மூன்று மாதமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவரும் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

இரண்டாம் போகத்துக்கு நாற்று நட்டாயிற்று, மழை பரவாயில்லை. காட்டு வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை, அதனால் கிணற்றடி அரளிச் செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். சிரிக்காதே. அதில் புழு விழுந்திருக்கிறது, வரிவரியாக உடம்பு, முதுகில் கறுப்புக் கொம்புகள், மாடு வாய் வைக்காத அந்த விஷ இலையைத் தின்றுவிட்டுக் கொழுகொழுவென்று இருக்கிறது. பக்கத்துக் காட்டுக் குப்பண்ணன் எட்டிப் பார்த்து, ஏனுங்க, நெல்லுக்கு அடிச்ச மருந்து மிச்சம் கெடக்குது, கொண்டாரட்டுங்களா என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பான், சொல்லட்டும். அந்தப் புழு இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கிக் கூடாகிறது, கூடு என்றால் வெள்ளிச் சலங்கை மணி மாதிரி அப்படி ஒரு பளபளப்பு, கிட்டப் போய்ப் பார்த்தால் என் மீசை தெரிகிறது. முதல் கூடு உடைந்த காலையில் நான் தபாலாபீஸுக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தால் வெறும் தோல்தான் தொங்கியது. அடுத்ததை விடவில்லை, அடுப்புக்கூடப் பற்றவைக்காமல் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கசங்கின துணியாக வெளியே வந்து, தொங்கிக்கொண்டே சிறகை விரித்தது, கரும்பழுப்பு, ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டு. எனக்கு இருந்த சந்தோஷத்தில் செல்லாத்தா, ஓடி வா என்று வீட்டுக்குள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். உன் அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் சோறு ஆக்கவே இல்லை.

அம்மிணி, சொல்ல வந்தது இதுதான். நீ முழுகாமல் இருப்பதாக எழுதினபோது, பொம்பளை இல்லாத வீடு, இங்கே வந்து என்ன செய்வாய், பிரசவத்தை அங்கேயே பார்த்துக்கொள் என்று பதில் போட்டேன். உனக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் விளாவக்கூடத் தெரியாதவனுக்குக் கட்டுச்சோறு எடுத்துவந்து மகளைக் கூட்டிப்போக என்ன முகம் இருக்கிறது என்று வெட்கம். போன வாரம் கோபாலபுரத்துக்குப் போய் உன் அத்தை வள்ளியாத்தாளிடம் இதைச் சொன்னேன். தலைப்பிரசவத்துக்கு வராதேன்னு எழுதறவனும் ஒரு அப்பனாடா என்று கேட்டாள், பாதிச் சோற்றில் கை நின்றுவிட்டது. நான் எழுதியதை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று அப்போதுதான் உறைத்தது. தப்பு என்னுடையது, அம்மிணி. அத்தையே வந்து குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறவரை நம் வீட்டில் இருக்கிறாளாம். கார்த்திகை பிறந்தால் உனக்கு ஏழாம் மாதம். நாங்கள் இரண்டு பேரும் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், புளிச்சோறு ரயிலில் இரண்டு நாள் தாங்கும் என்று அத்தை சொல்கிறாள், தாங்காவிட்டால் அங்கே உன் அடுப்பில் அவளே ஆக்குவாள். மாப்பிள்ளையிடம் கேட்டு நாள் சொல்லு.

மாடிப்படியில் பார்த்து இறங்கு, தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. மாரியம்மன் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் நல்லபடியாக வைத்திருப்பாள். வர மனமில்லை என்றாலும் பதில் போட மறக்காதே. கோபம் இருந்தால் கோபத்தையே எழுது, நாலு பக்கம் எழுது, எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கிறேன்.

உன் அப்பா,
ஈஸ்வரமூர்த்தி