வலது குதிகாலும் நாற்காலி மிதியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சுகம், வீடு சுகம், மாடிப்படிக்கு அடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்கூடச் சுகமாகிவிட்டது. நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. ஐந்து மாதமாக உன்னிடம் போனில் சுகம் சுகம் என்று அளந்துவிட்டேன், காகிதத்திலும் அளக்க வெட்கமாக இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் பக்கத்தில் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அதோடு பாதியில் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு, பாதியில் பதறிக்கொண்டு கூப்பிடாதே.

முதலில் பெரிய பொய்யைச் சொல்லிவிடுகிறேன். சலூனை மூடி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் நீ கூப்பிட்டபோது, கடைல கூட்டம்மா, அப்புறம் பேசறேன் என்று சொன்னேனே, அப்போது நான் படுக்கையறையில் உட்கார்ந்து, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் என்றால் நானும் அந்தப் பாட்டிலும்தான். குதிகால் கொஞ்சம் வலிக்குது, வயசாச்சுல்ல என்று உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வலிதான் இது. கொஞ்சம் எல்லாம் இல்லை கண்ணு. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால், குதிகாலுக்கு அடியில் யாரோ ஆணியை நட்டு வைத்துக் காத்திருந்ததுபோல் இருக்கும். கண்ணில் பூச்சி பறக்கும். சுவரைப் பிடித்துக் குளியலறை வரை போவதற்குள் உயிர் போய் உயிர் வரும். பத்து நிமிஷம் நடமாடினால் மட்டுப்படும், சரி தொலைந்தது என்று கடைக்குக் கிளம்பிவிடுவேன், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முதல் அடி, மறுபடி ஆணி.

கால் வலி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுகிறார்கள். வெந்நீரில் வை என்றார் ஒருவர், வெந்நீரே ஆகாது என்றார் அடுத்தவர், இரண்டு பேருமே என் கத்தரிக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு சொன்னவர்கள், மறுத்துப் பேச முடியுமா. பக்கத்துத் தையல்கடைக்காரர் கோட்டுத் தோளில் வைத்துத் தைக்கும் பஞ்சு மெத்தை இரண்டைக் கொண்டுவந்து செருப்புக்குள் ஒட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் குதிகாலில் தோள்பட்டையோடு நடந்தேன். கடைசியில் உன் அம்மா ஒற்றைக்காலில் நின்று என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்தார்கள், குதிகால் எலும்பில் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும், வலிக்குக் காரணம் அது இல்ல, குதிகால்ல இருந்து விரலுக்குப் போற தடிச்ச நார் ஒண்ணு இழுபட்டுப் புண்ணாயிருக்கு என்றார். பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகிவிடும், ஆனால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம், பொறுமை வேண்டும் என்றார். கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்னாலேயே துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன் பக்கம் இழுத்து முப்பது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும், ஐஸ் பாட்டிலை உருட்ட வேண்டும், வெறுங்காலோடு தரையில் நடக்கவே கூடாது, நிற்பதைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசி ஒன்றுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருஷமாக நின்றே பிழைக்கிறவனிடம் நிற்காதே என்றால் நான் எங்கே போவது.

வீட்டில் செய்யச் சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், அதில் பொய் இல்லை. ஆனாலும் மூன்று மாதமாக ஒரு நெல்முனை அளவும் குறையவில்லை. டாக்டரம்மாவைத் திட்டினேன், துண்டைத் திட்டினேன், பாட்டிலைத் திட்டினேன். உன் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து, பழைய வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கடைசி ஆள் எழுந்து போனதும், ஏங்க, அந்த நாற்காலி மிதிய எந்தக் காலால மிதிக்கிறீங்க, இப்ப ஒருத்தருக்கு மட்டும் பதினாலு தடவை மிதிச்சீங்க என்றாள். குனிந்து என் காலைப் பார்த்தேன். நாற்காலியை மேலே ஏற்றுவதற்கு இருக்கும் அந்த இரும்பு மிதி, துருப்பிடித்து வருஷக்கணக்காக முரண்டு பிடிக்கிறது, அதை வலது பாதத்தாலேயே எக்கி எக்கி மிதித்திருக்கிறேன். கன்னத்திலிருந்து காதுக்குப் போனால் இரண்டு மிதி, பிடரிக்குப் போனால் மூன்று மிதி, ஏற்றவேண்டிய அவசியமே இல்லாதபோதும் கதை பேசிக்கொண்டே மிதித்திருக்கிறேன். அதுவும் வெறுங்காலோடு, ஏனென்றால் வெட்டிய முடி செருப்புக்குள் புகுந்து குத்தும் என்று கடைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவது என் வழக்கம். காலையில் வீட்டில் துண்டு போட்டு நீவிவிட்ட நாரை, பகல் முழுக்கக் கடையில் நானே கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு உன் அம்மாவைக் கட்டிப் பிடிக்காத குறை. நோயைக் கண்டுபிடித்தாயிற்று, இனி ஒரு மாதத்தில் ஓடலாம் என்று நினைத்தேன்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. நாற்காலியைப் பழுது பார்க்கிறவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும், இல்லை உட்காரும்போதே உயரத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு மிதியைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, வலது கால் வேண்டாம் என்றால் இடது காலால் மிதித்தால் போச்சு என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். இடது காலைத் தூக்கினால் உடம்புப் பாரம் முழுவதும் புண்பட்ட குதிகால்மேல் இறங்கும் என்று ஒரு குழந்தைக்குத் தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றவில்லை. நம் வாத்தியாரை உனக்கு நினைவிருக்கும், கடை திறந்த முதல் நாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர், இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார், வாரம் இரண்டு தடவை சவரத்துக்கு வருவார். அன்று அவருக்குக் கிருதாவை ஒதுக்கிவிட்டுக் கத்தியோடு காதுக்குப் பின்னால் போனேன், கால் தன்னால் மிதியைத் தேடியது, இடது காலால் அழுத்தினேன். வலது குதிகாலில் அந்த ஆணி இறங்கியது பார், முழங்கால் மடிந்துவிட்டது. கத்தி கையில் இருந்தது கண்ணு. அவர் காது மடல் கிழிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பரு கீறியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். அந்த மனுஷர் துண்டைக் காதில் அழுத்திக்கொண்டு, ரத்தம் சட்டைக் காலர் வரை இறங்க, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று என்னைத்தான் தேற்றினார். இரண்டு தையல் போட்டார்கள். கேட்டவர்களிடம் எல்லாம், நான்தான் தலையை ஆட்டிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு நாண்டுகொள்ளலாம் போல் இருந்தது.

அன்றோடு கதவை இறக்கிவிட்டேன். வீட்டில் இப்போது உன் அம்மாதான் ஜெயிலர். காலையில் கண் விழித்தால் கால் தரையைத் தொடுவதற்குள் துண்டு வந்துவிடும். முப்பது எண்ணுவாள், அவளுடைய முப்பது வேறு முப்பது, இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ ஒன்று வாங்கி வந்திருக்கிறாள், கட்டிலடியிலேயே வைத்திருக்கிறாள், இந்த வயதில் ஓட்டப்பந்தயக்காரன்போல வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். கடைக்கு ஆள் விட்டு நாற்காலிக்கு எண்ணெய் போட்டுச் சரிசெய்தும்விட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும், கால் தேறி வருகிறது. முன்பெல்லாம் குளியலறை போய்ச் சேரும்வரை இருந்த வலி இப்போது ஏழெட்டு அடியில் அடங்கிவிடுகிறது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டுச் சிரித்தார், உட்கார ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக்கொண்டு அரை நாள் வேலை பார்க்கலாம் என்றார். உன் அம்மா அப்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், வர்ற திங்கக்கிழமை கடை திறக்கிறோம் என்று.

இதற்குமேல் எழுதுவது உன் அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. செவ்வாய்க்கிழமை கடையைப் பெருக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ஷூ போட்ட காலோடு ஒரு மணி நேரம் நின்றேன், வலி இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன், கத்தரியை எடுத்து வெறுங்காற்றில் வெட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் உள்ளே வந்தார். முகத்தில் மூன்று வாரத் தாடி. வேறு கடைக்குப் போகவே இல்லையாம். நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து தையல் போட்ட காதை என் பக்கம் காட்டிக்கொண்டு, ம், போடு என்றார். நான் துணியைப் போர்த்தினேன். நுரை போட்டேன். கத்தியைக் கையில் எடுத்தேன். கை நடுங்குகிறது கண்ணு. காலில் துளி வலி இல்லை, கைதான் நடுங்குகிறது. மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், இரண்டும் சேர்ந்து நடுங்குகிறது. கண்ணாடி வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சார், பிளேடு சரியில்ல, நாளைக்கு வாங்க என்று சொல்லி நுரையைத் துடைத்து அனுப்பிவிட்டேன். பிளேடு அப்போதுதான் உறையிலிருந்து பிரித்தது, பிரித்த காகிதம் அவர் கண்ணெதிரே கிடந்தது. நாளைக்கு வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். புதனும் வந்திருக்கிறார், வியாழனும் வந்திருக்கிறார், பூட்டியிருக்கிற கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாராம், தையல்கடைக்காரர் சொன்னார். நான் வீட்டில் துண்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கால் வலிக்குத் துண்டு இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, ஆறு மாதம் ஒரு வருஷம் என்று ஒரு கணக்காவது இருக்கிறது. இந்தக் கைக்கு என்ன செய்வது என்று எந்த டாக்டரம்மாவிடம் போய்க் கேட்பேன். பயமாக இருக்கிறது. உன் அப்பா இப்படி எழுதி நீ படித்ததில்லை, எனக்கும் எழுதிப் பழக்கமில்லை. காலையில் எழுந்தால் குதிகாலைப் பார்ப்பதற்கு முன்னால் கைவிரல்களைத்தான் பார்த்துக்கொள்கிறேன். டீ டம்ளரைப் பிடிக்கும்போது நடுங்குவதில்லை, சட்டைப் பொத்தான் போடும்போது நடுங்குவதில்லை, மனுஷன் கழுத்துக்குப் பக்கத்தில் போனால் மட்டும் நடுங்குகிறது. உன் அம்மா ஸ்டூலுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்தத் திங்கட்கிழமை வந்து போயிருக்கும். கதவைத் திறந்தேனா, திறக்காமல் திரும்பி வந்தேனா என்பது உன் அம்மா ஹலோ சொல்கிற விதத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

நீயும் நாள் முழுக்க மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவள், உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காதே, தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடு, காலையில் குதிகால் ஒரு நாள் சுருக்கென்றாலும் அசட்டையாக இருக்காதே. என் பெண் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற குணம் உனக்கும் இருக்கும், அந்தக் குணம் மட்டும் உனக்கு வேண்டாம். மாப்பிள்ளைக்கு முடி நீளமாகிவிட்டது என்று போட்டோவில் பார்த்தேன், நல்ல கடையாகப் பார்த்து வெட்டிக்கொள்ளச் சொல். வாண்டுக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நாலு வருஷமாக ஒவ்வொரு போனிலும், கடைய மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கப்பா என்று கூப்பிடுகிறாய், நானும் சிரித்து மழுப்புகிறேன். இதைப் படித்துவிட்டுக் கூப்பிடும்போது அப்பாவைத் திட்டு, அழு, எது வேண்டுமானாலும் சொல், அதை மட்டும் சொல்லிவிடாதே அம்மா. இந்தத் தடவை சரி என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா