பொட்டுக்கு மேல் ஒரு ரூபாய்

அக்டோபர் 22, புதன்

இன்று அடுப்பை ஏற்றினோம். சமையல் அடுப்பு அல்ல. வீடு கதகதப்பாக இருக்க ஹாலில் நிற்கும் இரும்புப் பெட்டி. ஊரில் மாட்டுக்குப் போடும் தீவனம் மாதிரி, மரத்தூளில் செய்த பெல்லட். மேலே கொட்டினால் தானே எடுத்துத் தின்று எரிகிறது, ப்ளோயர் அனலை வெளியே தள்ளுகிறது. நியூ ஜெர்சியில் இந்த மலைப்பக்கம் இது இல்லாமல் முடியாதாம்.

மாப்பிள்ளை ரஞ்சித்குமார் புத்தகத்தைப் பார்த்து விளக்கினார். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் ஈரோட்டில் முப்பது வருஷம் மோட்டார் காயில் கட்டியவன். கலெக்டர் பங்களா பம்பு நின்றபோது ஜீப் அனுப்பி இந்த மணியனைத்தான் கூட்டிப்போனார்கள் என்றேன். (ஜீப் இல்லை, மொபெட். பங்களாவும் இல்லை, அதற்கு அடுத்த தெரு.)

மகள் வான்மதி நவம்பர் மூன்றாம் தேதி வேலைக்குத் திரும்புகிறாள். ஐந்து மாதப் பேத்தி ரக்ஷாவை நான் பார்த்துக்கொள்கிறேன், டேகேர் எதற்கு என்று விமானம் ஏறும் முன்பே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி நாகமணி முழங்கால் ஆபரேஷனோடு ஊரில் இருக்கிறாள். நான் ஒற்றை ஆள். மாப்பிள்ளை "பார்க்கலாம் மாமா" என்கிறார். டேகேரில் பிடித்த இடத்தை விடவில்லை. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

அக்டோபர் 23, வியாழன்

அடுப்பை அணைத்தோம். தீ அணைந்தது, ப்ளோயர் நிற்கவில்லை. "அனல் ஆறும் வரைக்கும் ஓடும், அப்படித்தான் டிசைன்" என்றேன். புத்தகத்திலும் அதேதான். ஆனால் அரை மணியில் நிற்க வேண்டும். நான்கு மணி நேரம் ஓடியது. ஆறிப்போன இரும்பிலிருந்து ஜில்லென்று காற்று.

அக்டோபர் 24, வெள்ளி

பிளக்கைப் பிடுங்கினால் நிற்கிறது. மாப்பிள்ளை கண்டுபிடித்தார். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். திரும்பச் சொருகினால், தீ மூட்டும் முன்பே, உய்ய்ய்ய். ரக்ஷா திடுக்கிட்டு அழுகிறாள்.

அக்டோபர் 25, சனி

குமிழைத் திருகினேன். முன்பக்கம் வாக்குவம் போட்டேன். தட்டினால் நிற்கும் என்று தட்டினேன். கைதான் வீங்கியது.

வான்மதி கேட்டாள்: "அப்பா, இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கீங்க?"

"எக்கச்சக்கம்."

"எக்கச்சக்கம்னா? ஒண்ணு? ரெண்டு?"

குழந்தைக்கு டயப்பர் மாற்றப் போய்விட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாகமணிக்கு போன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, "ஏனுங்க, அதுல நீங்க கை வெச்சீங்களா?" என்கிறாள். முப்பத்தாறு வருஷமாக எந்த மிஷின் நின்றாலும் இதே கேள்வி. இந்த மிஷின் நிற்காததற்கும் அதே கேள்வியா?

தொடவே இல்லை என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

மெக்கானிக்கை ஸ்பீக்கரில் போட்டார் மாப்பிள்ளை. வான்மதி எனக்குத் தமிழில் சொன்னாள். பின்பக்கத் தகட்டுக்குள் காசு அகலத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்குமாம். சூட்டில் சேரும், ஆறினால் பிரியும். பிரியாமல் சேர்ந்தே இருந்தால் ப்ளோயர் நிற்காது. அதைவிட மோசம், தீ அணைந்தாலும் எரிவதாக நினைத்துக்கொண்டு பெல்லட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். குழந்தை இருக்கும் வீடு, நான் பார்க்கும் வரை ஏற்றாதீர்கள், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றான். பின்பக்கத்தை யாராவது திறந்தார்களா என்றும் கேட்டான். "நோ, நோ" என்றார் மாப்பிள்ளை.

நான் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

காசு அகலத்தில். ஐயோ.

ஆயுத பூஜை அன்று இவர்கள் காருக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்கள். அடுப்பை விட்டுவிட்டார்களே என்று பிளக்கை எடுத்து, பின்தகட்டைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். எங்கள் பட்டறை வழக்கப்படி பொட்டின் மேல் ஒரு ரூபாய்க் காசை அழுத்தி ஒட்டினேன். பட்டறையில் மோட்டாரின் உடம்பில் ஒட்டுவோம். இங்கே நெற்றி மாதிரி வட்டமாக ஒன்று தெரிந்தது. அதில் இரண்டு பித்தளை முனைகள். காசு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டது. குளிர் வரும் வரை யாரும் பிளக்கைச் சொருகாததால் அன்று தெரியவில்லை. முப்பது வருஷம் கரண்டோட பழகினவனுக்கு இது தெரியாதா? தெரியும்டா மணியா, தெரியும். கும்பிடுற மும்முரத்துல கண்ணு எங்க போச்சு?

அக்டோபர் 28, செவ்வாய்

சொன்னால் குழந்தையை என்னிடம் விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மெக்கானிக் கையில் ஒரு ரூபாய். இந்த வீட்டில் வேறு யார் வைத்திருப்பார்கள் அதை?

அக்டோபர் 29, புதன்

தடுப்பூசி போட ரக்ஷாவைக் கூட்டிக்கொண்டு இருவரும் போனார்கள். தகட்டைக் கழற்றிக் காசை நெம்பி எடுத்தேன். காசின் விளிம்பும் ஸ்விட்சும் கறுத்திருந்தன. தகட்டை மூடிப் பிளக்கைச் சொருகினேன்.

சத்தமே இல்லை. அழுகை வந்துவிட்டது.

அவர்கள் வந்ததும் "பேரிங் போயிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்று வாய் தானாகச் சொன்னது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாமா, நீங்க வேற லெவல்! மெக்கானிக்கை கேன்சல் பண்ணிடறேன். டேகேருக்கும் மெயில் போட்டுடறேன்."

"போடுங்க மாப்ள."

கறுத்துப்போன ஸ்விட்சை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. நான்தான் பார்க்கவிடாமல் செய்துவிட்டேன். என்னடா பண்ணி வெச்சிருக்க?

அக்டோபர் 30, வியாழன்

காலையில் வான்மதி குழந்தையை என் மடியில் வைத்து, "இனிமே இவ உங்க பொறுப்புப்பா" என்றாள். ரக்ஷா என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தாள். பையில் அந்தக் காசு. அவள் கையில் வந்து, வாயருகே போய்விட்டது. பிடுங்கினேன். வீறிட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் காசை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் சொன்னால் என் கதை எவ்வளவு சின்னது!

மாப்பிள்ளை காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, ரக்ஷா இந்த ஹால்லதான் தூங்கறா." அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

வான்மதி உடனே போனை எடுத்தாள். மெக்கானிக்கைத் திரும்ப வரச்சொன்னாள். டேகேருக்கும் போன் போட்டாள்.

அக்டோபர் 31, வெள்ளி

மெக்கானிக் ஸ்விட்சை மாற்றினான். உள்ளே உருகி ஒட்டத் தொடங்கியிருந்ததாம். இன்னும் நாலு நாள் ஏற்றியிருந்தால் — எழுத முடியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

ரக்ஷா மதியம் வரை டேகேர். ஒரு மணிக்கு மேல் என்னிடம். இது வான்மதியின் தீர்ப்பு. கிளம்பும்போது சொன்னாள்: "அப்பா, என்ன ஆனாலும் முதல்ல எனக்கு போன். அப்பறம்தான் ரிப்பேர்." மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஆனால் அடுப்பு விளக்கப் புத்தகத்தை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படம் இருக்கும் பக்கங்களில் எல்லாம் ஒரு காகிதம் செருகி.

மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் ப்ளோயர் தானே நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தை என் நெஞ்சின் மேல் தூங்குகிறாள்.

நாகமணி போன் போட்டாள். "அடுப்பு சரியாச்சுங்களா? யாரு பண்ணுனது?"

"மெக்கானிக்" என்றேன். "கெடுத்தது நானு."

உடனே கேட்டாள்: "ஏனுங்க, உடம்புக்கு ஏதும் முடியலயா?"