தீக்குச்சிக்கு எரியாத வைரம்

பேராதனை
14.06.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் ஐயாவின் இருமலும் குறைந்துவிட்டனவா? போனில் சொல்லத் தயங்கிய ஒன்றை எழுதுகிறேன். பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

என் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டிலிருந்து செயற்கை வைரப்பொடி வந்தது. அதைக் குழாயில் அடைத்து மருந்துக் கரைசலைச் செலுத்தினால், கலந்திருக்கும் பொருள்கள் வைரத்தில் வெவ்வேறு நேரம் ஒட்டி நின்று தனித்தனியாக வெளியேறும். கண்டியில் அந்தப் பொடி இருந்த போத்தலை வாங்கி வரும் வழியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் ஒரு சிப்பாய் என்னை மட்டும் இறக்கினான். பஸ் போய்விட்டது.

"இது என்ன?" என்று போத்தலைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான்.

"வைரம்" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான்.

வெடிமருந்தோ என்று சந்தேகப்பட்டு, பொடியில் கொஞ்சத்தைக் கல்லில் கொட்டச் சொல்லித் தீப்பெட்டியை நீட்டினான். "நீயே பற்றவை" என்றுவிட்டு எட்டப் போய் நின்றான். அது தீக்குச்சிக்கு எரியாது என்று எனக்குத் தெரியும், அம்மா. ஆனாலும் இரண்டு குச்சிகளைப் பொடிக்குக் கிட்டக் கொண்டுபோகாமலே எரிந்து அணைய விட்டேன். கடைசியில் ஒன்றைப் பொடியில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். பஸ் ஏறப் பயந்து நடந்தே வந்தேன்.

"இனித் தனியப் போகாதையடி" என்று அறைத் தோழி றீற்றா அழுதாள்.

இந்தக் கடிதத்தைப் போட அவள் தபாற்கந்தோருக்குப் புறப்படுகிறாள், முடிக்கிறேன். காலையில் நீங்கள் எனக்குப் போன் எடுத்தால் நான் பஸ்ஸில் இருப்பேன். அங்கே தமிழில் வாய் திறக்கப் பயம். "ம்" என்று மட்டும் சொல்வேன். கோபிக்காமல் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், அம்மா.

மகள்,
வத்சலா