என் கைக்கு நீ சாவி கொடுக்காதே

அக்கா,

இன்று காலை உங்கள் வாட்சின் வார் அறுந்துபோனது. புது வார் போடத்தான் தாம்பரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் வாட்சைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழசு மேடம், பார்ட்ஸ்லாம் கிடைக்காது. ஷோகேஸ்ல வெச்சுக்குங்க" என்றான். ஓடிக்கொண்டிருக்கிற வாட்சை! எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கப்பலில் வேலை பார்த்த உங்கள் தம்பி வாங்கி வந்த ஆம்பிளை வாட்ச் அது. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம். கை அசைந்தால் உள்ளே ஒரு தகடு சுற்றி, அதுவே சாவி ஏற்றிக்கொள்ளும். தாம்பரத்திலிருந்து கிண்டி ஆபீஸ் வரை, பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே, வாட்சோடு வந்த சின்னப் புத்தகத்தில் படித்த கதையைச் சொல்வீர்கள். பனி மூடிய மலை ஊரில், மாட்டுத் தொழுவத்துக்கு மேல் அறையில், குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாத ஒரு குடும்பம் தொடங்கிய கம்பெனி என்று. நம் தெருவில் திரியும் மாடுகளை நினைத்து, "அங்கேயும் மாடுதானா" என்று ஒவ்வொரு தடவையும் நான் கிண்டல் செய்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை விழுந்துவிட்டது. நாம் இருவரும் டைப்பிஸ்ட். ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்ய முடியாது. லீவு முடிந்ததும் டைப் அடித்துக் காட்டாவிட்டால் வேலை இல்லை. சூப்பரின்டெண்ட் இரும்புலியூரில் உங்கள் வீட்டுக்கே வந்து, "பேசாம விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டு ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். "காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க சார்" என்றீர்கள்.

அந்த வாரமே வாட்சும் நின்றது. பழுது என்றுதான் நினைத்தோம். ஸ்டேஷன் பக்கத்து ரிப்பேர்க்காரரிடம் நான் கொண்டுபோனேன். பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். உங்கள் கையில் கட்டினால் மறுபடி நின்றது. இரண்டாம் தடவை, ஒரு வாரம் தன் கையிலேயே கட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாட்ச்சு நல்லா ஓடிகினு கீதும்மா. கட்டிகினு கீற கைதான் ஓடல. வலது கைல மாத்திக் கட்டிக்கச் சொல்லு." கூடவே, "இத்த செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. பேட்டரி வாட்ச்சு வந்துச்சு, பூட்டிட்டுப் போய்ட்டான்" என்றார்.

உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரியாயிடுச்சுக்கா" என்று பொய் சொன்னேன். தினமும் ரயிலுக்குப் போகிற வழியில் உங்கள் வீட்டுக்கு வந்து, குளிக்கப் போகும்போது நீங்கள் கழற்றி வைத்த வாட்சை எடுத்து நன்றாக ஆட்டி வைப்பேன். ஓடும். நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். நாலாம் நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

நீங்கள் அழவில்லை. "என் கைக்கு நீ சாவி கொடுக்காதே" என்றீர்கள். "செஞ்சவன் கடையையே மூடிட்டான். அவன் செஞ்சது இன்னும் ஓடுது. என்னை மட்டும் எதுக்குடி மூடச் சொல்றாங்க?" என்றீர்கள்.

வலது கைக்கு மாற்றவே இல்லை. இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் இடது கைக்குச் சொல்லித்தருவார்களே, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அதைச் சாப்பாட்டு மேசையில், மெஷின் இல்லாமல், வாயால் சொல்லிச் சொல்லி அடித்தீர்கள். ஆரம்பத்தில் வலது கையால் ஒவ்வொரு விரலாகத் தூக்கி வைத்தீர்கள். வாட்ச் ஒரு மணி நேரம் ஓடி நின்றது. சில வாரத்தில் மதியம் வரை ஓடியது. ஒரு நாள் நான் கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து கத்தினீர்கள்: "நேத்துக் கட்டினதுடி, இன்னும் ஓடுது!"

லீவு முடிந்த அன்று சூப்பரின்டெண்ட் முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தீர்கள். மெதுவாகத்தான். "மூணு தப்பு சார். ஆனா ரெண்டு கை" என்று தாளை நீட்டினீர்கள். அவர் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் போன அன்று உங்கள் மகள் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உங்கள் கை நின்ற பிறகும் மறுநாள் சாயங்காலம் வரை அது ஓடியது. நிற்கப் போகிறது என்று தெரியும். ஆட்டவில்லை அக்கா. நின்ற பிறகுதான் எடுத்து என் இடது கையில் கட்டிக்கொண்டேன்.

ஷோகேஸாம்! வார் இல்லாவிட்டால் என்ன, கர்சீப்பால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இதை இரண்டு கையாலும் டைப் அடிக்கிறேன். ஓடுகிறது.