சோம்பியைக் கடலில் விட்ட வாரம்

ஜூன் 3
கரையொதுங்கிய திமிங்கிலத்தை எங்கள் சிகிச்சைத் தொட்டிக்குக் கொண்டுவந்து இரண்டு நாளாகிறது. குள்ள இனம், வளர்ந்ததே என்னைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆழத்துக்குப் போய்க் கணவாய் மீன் தின்பது, மேலே வந்து அசையாமல் மிதப்பது, இதுதான் அதன் பிழைப்பு. அதனால் ‘சோம்பி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று குழாய் போட்டதும் மிரண்டு, செம்பழுப்பாக எதையோ பீய்ச்சியது. ரத்தம் என்று நர்ஸ் அலறிவிட்டாள். ரத்தமில்லை, கணவாய் மை விடுகிற மாதிரி இதுவும் விடும் என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜூன் 4
வாய்வழியே குழாய் விட்டு வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் பைகளை எடுத்தேன். கணவாய் என்று நினைத்து விழுங்கியிருக்கும் மண்டு.
பிறகு அடிவயிற்றை அழுத்திப் பார்த்தேன். பால் கசிந்தது. ஐயோ — வெளியே எங்கோ குட்டி இருக்கிறது.

ஜூன் 5
பெரிய டாக்டரோடு சண்டை.
“இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்மா. உடம்பு தேறலையே.”
“அதுவரைக்கும் குட்டி தாங்குமா சார்?”
“குட்டி உயிரோட இருக்குன்னு யார் சொன்னா?”
யாரும் சொல்லவில்லைதான். வீட்டிலும் இதையே புலம்பினேன். “அது உன் பொண்ணு இல்லடி” என்றார் இவர். எனக்குத் தெரியாதாக்கும்!

ஜூன் 6
என் பொறுப்பு என்று சொல்லிக் கடலில் இறக்கினேன். நெடுநேரம் அசையவே இல்லை. “செத்துப்போச்சா டாக்டர்?” என்றார் படகோட்டி. அப்புறம் வாலைக்கூடத் தூக்காமல் அப்படியே அமிழ்ந்தது. இந்த இனம் முங்குவதே அப்படித்தான். ஆனால் செத்தது மூழ்கினாலும் அப்படித்தானே இருக்கும்?

ஜூன் 9
பெரிய டாக்டர் ஒன்றுமே கேட்பதில்லை. திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

ஜூன் 12
கரையில் குட்டி கிடந்தது. செத்து. முதுகில் படகின் அடியில் சுழலும் விசிறி கிழித்த பச்சைக் காயம். தாயைப் போலவே அசையாமல் மிதந்திருக்கும், படகுக்கு எங்கே தெரியப்போகிறது. சோம்பியின் குட்டிதான் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் இந்தப் பக்கம் இந்த இனம் தட்டுப்படுவதே அபூர்வம்.
அழுதுகொண்டேதான் அறுத்தேன். பெரிய டாக்டரும் பக்கத்தில் வந்து குனிந்தார். வயிறு நிறையப் பால், குடித்து அதிக நேரம் ஆகாத பால்.
“அம்மா வந்து சேர்ந்திருக்கும்மா” என்றார்.
சந்தோஷப்பட்டேன். அறுத்துப் போட்ட குட்டி முன்னால் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன், சீ.
அங்கே தாய்க்கு இந்நேரம் பால் கட்டியிருக்கும்.