மறைக்கச் சொன்ன சிராய்ப்பு

சாச்சக்,
செவ்வாய்க்கிழமை

என் கண்ணு நெவேனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதத்தான் கை கூசுகிறது. உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஊர் திரும்பி ஒன்பது நாளாகிறது, இன்றுதான் பேனாவை எடுத்தேன். போனில் தினமும் காய்ச்சல் இறங்கியதா, சூப் குடித்தாயா என்று கேட்கிறேன், பேச வேண்டியதைப் பேசாமல் வைத்துவிடுகிறேன். தம்பி வுகாஷினுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உன் பழைய கோல்கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கொட்டகைக் கதவுக்கு முன்னால் பாய்கிறான், முட்டி தேய்ந்து வந்தால் சோப்பு போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டலாமா என்று பதறுகிறேன். அவனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்.

அந்த வியாழக்கிழமை, பிளாஸ்டிக் புல்லில் பந்துக்குப் பாய்ந்து இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது, பயிற்சியாளர் ஸ்லாவிட்சாவிடம் காட்டட்டுமா என்று போனில் கேட்டாய். காட்டினால் சனிக்கிழமை ஆட்டத்தில் உன்னை உட்கார வைத்துவிட்டு இன்னொருத்தியை கோலில் நிறுத்துவார், இளையோர் அணிக்கு ஆள் தேட வருகிறவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள் என்று என் புத்தி போயிற்று. "காட்டாத. அப்பா குடுத்த பிளம் சாராயம், அந்த ரக்கியாவ ஊத்தித் தொடச்சிட்டு, மேல இறுக்கமா கால்சட்டை போட்டுக்க" என்றேன். நீயும் கேட்டாய். துணி புண்ணோடு ஒட்டி, நீ அதைப் பிய்த்து எடுத்து, திங்கட்கிழமை சீழ் பிடித்துக் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஏழாம் வகுப்புக்குக் கிருமிப் பாடம் நடத்துகிறவள் நான். அப்பா சொல்கிறார், "அந்த ரக்கியாவ நீ குடிச்சிட்டுப் பேசியிருந்தாலாவது மன்னிக்கலாம்டி" என்று.

அதைவிடப் பெரிய தப்பு உன் கட்டிலருகே நடந்தது. சிராய்ப்பு பட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும் என்ற விதி தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்று ஸ்லாவிட்சா கேட்டார். "நானாத்தான் மறைச்சேன்" என்று சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான் உன் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். அவர் போனதும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். விதியை மீறியவளைக் கால்பந்து விடுதியில் வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமை நிர்வாகிகள் கூடிப் பேசப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அந்தச் சத்தியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் சத்தியத்தை மீறிவிட்டேன். ஸ்லாவிட்சாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். "பதினேழு வயசுப் பொண்ணு அம்மாவக் காப்பாத்திட்டிருக்கா. நீங்க அங்கதான நின்னீங்க?" என்றார். ஆமாம் என்றேன். வாய்ப்பேச்சு கூட்டத்தில் நிற்காது, எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்.

பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பும் பொட்டலத்தில் மிளகாய் விழுதும் பருத்திக் கால்சட்டை இரண்டும் இருக்கின்றன, உன் விடுதி அறைத்தோழி பஸ் நிலையம் போய் வாங்கி வருவாள். அடியில் உள்ள உறை ஸ்லாவிட்சாவுக்கு. ஒட்டவில்லை, நீ படிக்கலாம். வியாழக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது அவர் கையில் கொடு. புண் ஆறி, நல்லபடியாக எழுந்து நட, கடவுள் உன் கூடவே இருக்கட்டும். கட்டு மாற்றும்போது வலித்தால் வலிக்கிறது என்று சொல். இனி நான் எதையாவது மறைக்கச் சொன்னால் கேட்காதே.

உறையைக் கிழித்துவிடாதே, நெவேனா. கிழித்தாலும் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, அவர்கள் முன்னால் நின்று நானே சொல்வேன்.

உன் அம்மா,
திவ்னா